மருமகள் நுழையாத பட்டி

ஹா செலேமோ,
14 மார்ச் 2004

அன்புள்ள லினெயோ,

உன் இரண்டு கடிதங்களும் ஒரே பேருந்தில் வந்து சேர்ந்தன. நான் பிந்தையதை முதலில் பிரித்துவிட்டேன். அதனால் என் கணக்கில் நீ முதலில் இங்கிலாந்துக் குளிருக்குப் பழகிவிட்டாய், பிறகுதான் அந்தக் குளிரில் அழுதாய்.

உன் அண்ணன் கண்மூடிய நாளில் இருந்தபடியே எல்லாம் இருக்கிறது என்று எழுதத்தான் ஆசை. இல்லை. ஊர்த் தலைவர் நாற்காலியில் இப்போது நான் உட்காருகிறேன். துக்கத்தின் கருப்புத் துணியைக் கழற்ற இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. பதினாறு வருடம் பள்ளிக்கூடத்தில் மண்ணரிப்பைப் பலகையில் படமாகப் போட்டுக் காட்டியவள் நான். இப்போது ஜன்னலைத் திறந்தால் அந்தப் படம்தான் எதிரே நிற்கிறது.

தபானெங் மேய்ச்சல் சரிவை மூடிவிட்டேன். உன் அண்ணனுக்கு இல்லை என்று சொல்ல வராது, உனக்கே தெரியும். கேட்டவர்களுக்கெல்லாம் திறந்துவிட்டார். சிவப்புப் புல் போய், ஆடு தொடாத புதர்தான் மிச்சம் இருக்கிறது. சரிவுக்குக் கீழே உள்ள நம் ஊற்றில் முன்பெல்லாம் ஒரு வாளி நிறைவதற்குள் குசலம் விசாரித்து முடியாது. இப்போது ஒரு சண்டையையே தொடங்கி முடித்துவிடலாம். எல்லையில் சுண்ணாம்பு பூசிய கற்களை வைத்தாயிற்று. இரண்டு முழு வருடம், குளிர்காலத்திலும்கூட, எந்தக் கால்நடையும் அங்கே கால் வைக்கக் கூடாது. வைத்தால் பிடித்து நம் வீட்டுக் கல்பட்டியில் அடைப்போம். அந்த வழக்கம் பழையதுதான். அதைக் கடைப்பிடிக்க ஒருத்தி வந்திருப்பதுதான் புதிது.

ஊரில் என்னை இப்போதும் மாட்டுமெலோ என்றுதான் கூப்பிடுகிறார்கள். கல்யாணத்தன்று உன் அம்மா வைத்த பெயர்: டுமெலோவின் அம்மா. டுமெலோ வரவே இல்லை. இருபத்திரண்டு வருடமாகப் பிறக்காத ஒரு பிள்ளையின் பெயரில் கடைக்குப் போகிறேன், சபையில் கையெழுத்துப் போடுகிறேன். நீ ஒருத்திதான் என்னை என் பெயர் சொல்லி அண்ணி என்று கூப்பிட்டவள். இந்தச் சுவர்களுக்குள் அந்தப் பெயர் ஒலித்து ஏழு மாதம் ஆகிறது.

உன் அண்ணி
போனாங்


ஸ்கார்பரோ,
9 ஏப்ரல் 2004

போனாங் அண்ணிக்கு, இல்லை இல்லை, மேன்மை தங்கிய தலைவி அவர்களுக்கு,

உங்கள் பெயரை இந்த அறையில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து அறைப் போலந்துப் பெண் சுவரைத் தட்டினாள். இங்கே என் பெயரும் உருப்படியாக இல்லை. "லின்" என்று பாதியாக நறுக்கிவிட்டார்கள்.

முதியோர் இல்லத்தில் இருபத்தாறு பேர். பார்த்துக்கொள்ள நாங்கள் மூன்று பேர், திங்கட்கிழமைகளில் இரண்டு பேர். குளிப்பாட்டுகிறேன், ஊட்டுகிறேன், மாத்திரை கொடுக்கிறேன். நல்லவர்கள்தான். ஹார்ட்லி அம்மாள் தினமும் என்னிடம், "உங்க ஊர்ல சிங்கம் இருக்கா?" என்று கேட்கிறாள். "இல்லம்மா, எங்க சித்தப்பா ஒருத்தர் இருக்கார்" என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

என் ஆடுகளுக்கு வருகிறேன். மேய்ப்பர் செயாபட்டா, வாத்தியாரிடம் சொல்லி ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். மேல் மலை மேய்ச்சலில் புல் தீர்ந்துவிட்டதாம். முப்பத்தொன்றும் எலும்பும் தோலுமாக இருக்கின்றனவாம். தபானெங்கில் மூன்று வாரம் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்கிறார். முப்பத்தொரு ஆடுதானே, அண்ணி. அண்ணன் உயிரோடு இருந்திருந்தால் கேட்கவே வேண்டியிருந்திருக்காது. இறப்பதற்கு முன்பே எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்: "நீ எங்க இருந்தாலும் உன் ஆடு தபானெங்கில் மேயும்" என்று. அதை நீங்கள் மதிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

லினெயோ


ஹா செலேமோ,
2 மே 2004

லினெயோ,

முடியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தப் பக்கம் முழுக்கச் சுற்றி வளைத்து எழுதிவிட்டுக் கடைசியில் சரி என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

உன் கடிதம் வருவதற்கு நான்கு நாள் முன்னால் ஊர்ச்சபை கூடியது. உன் சித்தப்பா லெபோனா போர்வையைத் தோளில் ஏற்றிக்கொண்டு எழுந்தார். அவர் அப்படி எழுந்தால் ஊரே சிரிக்கத் தயாராகிவிடும்.

"ஏம்மா மாட்டுமெலோ, அந்தப் புல்லு உங்கிட்ட வந்து அழுதுச்சா, களைப்பா இருக்கு, ரெண்டு வருஷம் லீவு குடுன்னு?"

"புல்லு அழல சின்ன மாமா. அழுதுக்கிட்டிருந்த ஊத்துதான் இப்ப நிக்கப் பாக்குது."

சிரிப்பு கொஞ்சம் என் பக்கம் வந்தது. அவர் விடவில்லை.

"சரி, படிச்சவ பேசறே. உன் நாத்தனா ஆட்டுக்கும் இதே சட்டந்தானா? இல்ல, அதுங்க இங்கிலீஷ் ஆடா?"

"அவ ஆட்டுக்கும் இதேதான்" என்றேன். நூறு பேர் காதில் விழச் சொன்னேன். அதன்பிறகு உன் கடிதம் வந்தால் நான் என்ன செய்வது? உன் முப்பத்தொன்றை விட்டால் மறுநாள் அவருடைய இருநூறு. மறுவாரம் ஊற்று இருக்காது. ஊற்று இல்லாத ஊரில் தலைவி எதற்கு?

உன் அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தால் அது அவருடைய வாக்கு. என்னிடம் அவர் சொல்லவில்லை.

இன்னொன்றும் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. போன வாரம் பக்கத்து வீட்டு மாமோசாவின் மருமகளைக் கழுதைமேல் உட்காரவைத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: "நர்ஸ் இல்லை." அது நீ வேலை பார்த்த அறை. பிள்ளை வழியிலேயே பிறந்து பிழைத்துக்கொண்டது, எங்கள் புண்ணியம். திரும்பி வரும்போது நான் யோசித்தேன்: புல்லைக் காக்க ஒரு கல்லுக்குச் சுண்ணாம்பு பூசி வைத்துவிடலாம். படித்து ஆளான பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்களே, அதற்கு எங்கே கல் வைப்பது?

போனாங்


ஸ்கார்பரோ,
19 மே 2004

அண்ணி,

நான் புல் இல்லை.

அந்த அறையில் ஏழு வருடம் இருந்தேன். இரண்டு நர்ஸ் இருக்க வேண்டிய இடம். மற்றவள் இரண்டாம் வருடமே போய்விட்டாள். ஒரே வாரத்தில் பதினொரு பிரசவம் தனியாகப் பார்த்திருக்கிறேன். கையுறை தீர்ந்துபோன நாளில் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பார்த்தேன். உங்கள் சரிவு களைத்துவிட்டது என்று உங்களுக்குத் தெரிந்தது. அதற்கு இரண்டு வருட ஓய்வு கொடுத்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவேனே, என் முகத்தைப் பார்த்து ஒரு தடவையாவது, "லினெயோ, போதும், கொஞ்சம் உட்கார்" என்று சொன்னீர்களா? கீரையை இன்னொரு கரண்டி வைத்தீர்கள். அவ்வளவுதான்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே செயாபட்டாவுக்குத் தனியாக எழுதிவிட்டேன். அண்ணன் வாக்கு நிற்கிறது, ஆடுகளைத் தபானெங்கில் விடு என்று.

லினெயோ


ஹா செலேமோ,
1 ஜூன் 2004

லினெயோ,

மே 26 அன்று உன் ஆடுகள் மூடிய சரிவுக்குள் பிடிபட்டன. ஊர் முறைப்படி நம் பட்டியில் அடைக்கப்பட்டன. மறுநாள் பகலில், இந்த வருடக் குளிர்காலம் தொடங்கும் முன்பே, எதிர்பாராத பனி பெய்தது. பதினான்கு ஆடுகள் இறந்தன. மீதி பதினேழும் நலம். தோல்களைப் பதப்படுத்தி வைத்திருக்கிறேன்.

வருந்துகிறேன்.

போனாங்


ஸ்கார்பரோ,
22 ஜூன் 2004

நான்கு வரி. அரசாங்கம்கூட இதைவிட நீளமாக எழுதும்.

எனக்கு வேறு இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. செயாபட்டா எழுதச் சொன்னது ஒன்று: "தலைவி அம்மா சுவருக்கு வெளியே நின்னுக்கிட்டிருந்தாங்களாம். கட்டையை எடுத்து வாசலைத் திறந்துவிட்டாங்களாம். உள்ள போகலயாம். நான் மேல் மலையில மாட்டிக்கிட்டேன்." மற்றொன்று சித்தப்பாவுடையது. ஆகஸ்ட் பதினான்காம் தேதி சபை கூடுகிறதாம். உங்களை நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டு அவர் உட்காரப்போகிறாராம். தபானெங்கை அன்றைக்கே திறந்துவிடுவாராம். அதற்கு இந்த வீட்டு மகளின் புகார்க் கடிதம் ஒன்று வேண்டுமாம். எழுதித் தருகிறேன் என்று பேனாவை எடுத்துவிட்டேன் அண்ணி, உண்மையாகவே எடுத்துவிட்டேன்.

ஒன்றுதான் கேட்கிறேன். ஏன் நின்றீர்கள்?

லினெயோ


ஹா செலேமோ,
8 ஜூலை 2004

அன்புள்ள லினெயோ,

நீ கேட்டது சரி. நான்கு வரியில் எழுதியது கோழைத்தனம். இப்போது எழுதுகிறேன்.

அன்று காலையில் வானம் ஈயம் மாதிரி இருந்தது. மேல் மலையிலிருந்து மந்தைகளை இறக்க ஆண்கள், பையன்கள் எல்லோரும் குதிரைகளோடு போய்விட்டார்கள். உன் ஆடுகளை விட்ட குற்றத்துக்காக செயாபட்டாவும் மற்றவர்கள் மந்தையை இறக்க உதவப் போக வேண்டும் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். உச்சிப்பொழுதில் பனி தொடங்கியது. நேராக விழும் பனி இல்லை. காற்றோடு பக்கவாட்டில் வந்தது. உன் ஆடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்குச் சுவரோரம் ஒதுங்கின. பின்னால் இருந்தவை முன்னால் இருந்தவற்றின் மேல் ஏறின. நீ பார்த்திருப்பாய், பயந்த ஆடு அப்படித்தான் செய்யும். அடியில் இருப்பவை மூச்சு முட்டிச் சாகும். உள்ளே போய்க் கையால் இழுத்துப் பிரித்துவிடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

பட்டி வாசலில் கட்டைகளை உருவிப்போட்டேன். கூப்பிட்டேன். தகர டப்பாவைத் தட்டினேன். ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை.

உன் வீட்டுப் பட்டிக்குள் ஊர் மருமகள் எவளும் நுழைவதில்லை. உன் தாத்தாவின் தாத்தா அந்த மண்ணுக்குக் கீழே இருக்கிறார். நான் இந்த வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே உன் அம்மா சொல்லித்தந்த முதல் பாடம் அது. எரிப்பதற்கான சாணத்தைக்கூட யாராவது வெட்டி வெளியே எடுத்துத் தந்தால்தான் தொடுவேன். அதிலும் உடம்பில் கருப்புத் துணி வேறு. நான் படித்தவள், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை என்று எப்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன். கால் நகரவில்லை, லினெயோ.

மாமோசா போர்வையால் தலையை மூடிக்கொண்டு ஓடி வந்தாள்.

"நீ உள்ள போயிராதே! போனா உன் பேச்சை இனிமே நாய்கூடக் கேக்காது. லெபோனா இதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கான்!"

"அப்ப நீ போறியா?"

"நானும் மருமகதானே, மடச்சி!"

ஊரில் இருந்த பெண்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். எல்லோரும் மருமகள்கள். மகள்களெல்லாம் வேறு ஊர் மருமகள்களாகப் போய்விட்டார்கள், அல்லது உன்னைப்போல் கடல் கடந்துவிட்டார்கள். அந்தப் பட்டிக்குள் யாரையும் கேட்காமல் நடந்துபோகக்கூடிய ஒரே பெண் நீ. நீ எங்கேயோ ஒருவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாய்.

யாராவது ஆண் வருவான் என்று மலைப்பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. குறைகிறது என்று உணர்ந்த பிறகும் நின்றேன். அதுதான் என் குற்றம். முதலில் நின்றது பழக்கம். பிறகு நின்றது நாற்காலிக்காக.

கடைசியில் போனேன். மாமோசா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பார்க்காவிட்டால் சாட்சி சொல்ல வேண்டாம் அல்லவா. பதினேழை இழுத்துப் போட்டேன். கம்பளியைப் பிடித்து இழுத்து இழுத்து நகங்கள் பெயர்ந்துவிட்டன. உயிரோடு இருந்தவை என்மேல் சாய்ந்துகொண்டன. அவற்றுக்கு நான் யார் என்று தெரியாது.

நான் நுழைந்ததை மாமோசா யாரிடமும் சொல்லவில்லை. பனியில் என் காலடி இருந்தது. உன் சித்தப்பா அதைப் பார்த்துவிட்டார். "மூதாதையர் பட்டி தீட்டுப்பட்டுப்போச்சு" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆக, நின்றதற்கும் குற்றம், நுழைந்ததற்கும் குற்றம். இரண்டுமே உண்மை.

எனக்காக எழுது என்று கேட்கமாட்டேன். ஆனால் சரிவில், கற்களின் அந்தப் பக்கம், போன வாரம் பனி உருகிய இடத்தில் புதருக்கு அடியில் புல் தூர் கட்டியிருக்கிறது. விரலால் இழுத்துப் பார்த்தேன். வேரோடு வரவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

மே மாதம் நீ எழுதியதற்கும் நான் பதில் சொல்லவில்லை. உன் முகத்தை நான் பார்த்தேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பார்த்தேன். "போதும், உட்கார்" என்று சொன்னால் நீ வேலையை விட்டுவிடுவாய், பிறகு கிளினிக் மூடிவிடும் என்று பயந்தேன். அதனால்தான் கீரை வைத்தேன்.

போனாங்


ஸ்கார்பரோ,
25 ஜூலை 2004

போனாங் அண்ணி,

உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகும் பேருந்தில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. கடைசி நிறுத்தம் வரை போய், கடலைப் பார்த்துவிட்டு, நடந்து வந்தேன். தாமதத்துக்குத் திட்டு வாங்கினேன்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அண்ணன் எனக்கு அப்படி ஒரு வாக்கும் கொடுக்கவில்லை. இறந்தவர் மறுத்துப் பேசமாட்டார் என்று எழுதிவிட்டேன். செயாபட்டா அதை நம்பித்தான் கற்களைத் தாண்டினார். பாவம், அவரை எதுவும் சொல்லாதீர்கள்.

இன்னொன்று. போன திங்கட்கிழமை மத்தியானம் ஹார்ட்லி அம்மாள் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே விழுந்துவிட்டாள். இங்கே ஒரு விதி உண்டு, விழுந்தவரைத் தனியாகத் தூக்கக் கூடாது. இரண்டு பேர் வேண்டும். மணியடித்தேன். வரவேண்டியவள் மாடியில் வேறொருவரோடு மாட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது நிமிடம். நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். "சிங்கம் வருதா?" என்று கேட்டாள். "வரல, நான் இருக்கேன்" என்றேன். ஒரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தேனே தவிர, தூக்கவில்லை. வேலை போய்விடும் என்று பயம். உங்கள் கடிதம் அதற்கு மூன்றாம் நாள் வந்தது.

கீழே இருப்பது சபைக்கு. அப்படியே வாசித்துவிடுங்கள்.

"ஹா செலேமோ ஊர்ச்சபைக்கு, இறந்த தலைவர் மொலெஃபியின் தங்கை லினெயோ எழுதுவது. மூடிய சரிவில் ஆடுகளை விடச் சொன்னது நான். என் அண்ணன் வாக்கு என்று சொன்னது பொய். அடைத்தது முறைதான். மிஞ்சிய பதினேழையும் தண்டமாக எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியைப் பற்றி: மகள் நுழைந்தால் அந்தப் பட்டிக்குத் தீட்டு இல்லை. இந்த வீட்டுக்கு மகள் நான் ஒருத்திதான். என் இடத்தை என் அண்ணன் மனைவி போனாங்குக்குக் கொடுக்கிறேன். அவர் நுழைந்த நாளிலிருந்தே கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். இனி அவர் இந்த வீட்டு மருமகள் அல்ல, மகள். நான் திரும்பி வரப்போவதில்லை, இங்கேயே தங்கிவிட விண்ணப்பம் போட்டுவிட்டேன், என் இடத்துக்காக யாரும் காத்திருக்க வேண்டாம். தபானெங் மூடியே இருக்கட்டும்."

லினெயோ


ஹா செலேமோ,
15 ஆகஸ்ட் 2004

அன்புள்ள லினெயோ,

நேற்று சபை கூடியது. காற்று அடித்ததால் ஆட்கள் சுவரோரம் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். உன் கடிதத்தை எழுந்து நின்று வாசித்தேன். பொய் சொன்னதாக நீ எழுதிய இடத்தில் செயாபட்டா தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். பிறகு அவரிடம் பேசினேன். மேய்ப்பர் வேலை அவருக்கே இருக்கிறது.

உன் சித்தப்பா கடிதத்தை வாங்கிக் கையெழுத்தை மட்டும் உற்றுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எழுத்துக்கூட்டிப் படிக்க அவருக்குப் பொறுமை இல்லை.

"இது நம்ம புள்ள எழுத்துதான். ஒரு வீட்டுப் பொண்ணே இன்னொருத்தியைப் பொண்ணாக்குறதை நான் கேள்விப்பட்டதே இல்ல."

"நானும் கேள்விப்பட்டதில்ல சின்ன மாமா."

"சின்ன மாமாவா?" பின்வரிசையிலிருந்து மாமோசா கத்தினாள். "இப்ப அவ மகளாச்சே! சித்தப்பான்னு கூப்பிடச் சொல்லுங்க!"

சபை சிரித்தது. இந்த முறை அவரும் சிரித்தார், வேறு வழியில்லாமல். நாற்காலியில் நானே இருக்கிறேன், சரிவு மூடியே இருக்கிறது. அந்த இரண்டு வருடம் முடியும்வரை அதைத் திறக்கும் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது என்று அவர் வாயாலேயே முடிவாயிற்று. உன் பதினேழையும் ஊர்ப் பொது மந்தையில் சேர்த்தாயிற்று.

இன்று காலை பட்டிக்குள் போனேன். யாரும் தடுக்கவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. எரிப்பதற்கு நானே சாணம் வெட்டி எடுத்தேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறை. கிழக்குச் சுவரோரம் சற்று நேரம் நின்றேன். மகளாக நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. உன்னைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பாய்.

ஒன்றை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது. கடிதத்தை அப்படியே வாசிக்கச் சொல்லியிருந்தாய். வாசித்தேன். ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டேன், நீ திரும்பி வரப்போவதில்லை என்ற வரியை. குரல் அங்கே வந்து நின்றது, பிறகு அடுத்த வரிக்குப் போய்விட்டது. ஒருவரும் கவனிக்கவில்லை.

நீ அதை மாற்றி எழுத நினைத்தால், இங்கே இன்னும் யாருக்கும் தெரியாது.

போனாங்